ஹெக்கர் நாடகம்: இரண்டாம் பாதியை எம்மாவிடம் கொடுங்கள்

வணக்கம். ஜெர்மனியின் பாடன் பகுதியில் குடியரசு கேட்டு ஹெக்கர் 1848-இல் நடத்திய எழுச்சியை இசை நகைச்சுவையாக எழுதுகிறீர்கள், அவர் தோற்ற காண்டர்ன் சண்டைக்கு அப்புறம் சிரிப்பு வற்றிவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

சண்டையில் சிரிப்பைத் தேட வேண்டாம். 1848 ஏப்ரல் 20 அன்று அங்கே அரசுப் படைத் தளபதி காகெர்ன் உட்படப் பலர் செத்தார்கள். அந்த இடத்தில் வாத்தியங்களை நிறுத்திவிடுங்கள்.

சிரிப்பு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள் என்று நம்பி ஹெக்கர் கான்ஸ்டன்ஸ் நகரிலிருந்து கிளம்பினார். உடன் புறப்பட்டது சில பத்துப் பேர். பெரும் படைக்கான பாட்டை எழுதி, அதை ஆறே பேர் தொண்டை கிழியப் பாடட்டும். அவர்கள் நம்பிக்கை நிஜம். அதைக் கேலி செய்யாதீர்கள்.

இரண்டாம் பாதிக்கு எம்மா ஹெர்வெக் இருக்கிறார். கணவரான கவிஞர் கெயோர்க் பாரிஸில் திரட்டிய ஜெர்மானியப் படை ஹெக்கருக்கு உதவக் காத்திருந்தது. எம்மா ஆண் உடையில் ஹெக்கரைத் தேடிப் போய், எங்கே சேர்வது என்று கேட்டார். ஹெக்கர் பிடிகொடுக்கவில்லை. ஒரு பெண் கேள்வியோடு அலைகிறார், ஆண்கள் நழுவுகிறார்கள்: அருமையான இருகுரல் பாட்டு! அந்தப் படை ஏப்ரல் 27 அன்று டோசன்பாக்கில்தான் தோற்றது. ஆக, உங்களுக்கு இன்னும் ஒரு வாரக் கதை மிச்சம்.

கெயோர்க் வண்டியில் ஒளிந்து தப்பினார் என்ற கதையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவரைக் கோழையாகக் காட்ட எதிரிகள் ஊதிப் பெருக்கியது அது.

முடிவில் ஹெக்கரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றுங்கள். பின்னாளில் அங்கே உள்நாட்டுப் போரில் லிங்கன் பக்கம் நின்று போரிட்டார். அந்த ஆறு பேர் பாட்டை அப்போது முழுக் குழுவும் பாடலாம்.