நாள் குறிக்காத சீட்டு

கேள்வி: மே மாதம் கொரோனாவில் பிழைத்து வந்த அப்பாவுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். எத்தனை நாள் என்று சீட்டில் இல்லை. அதைக் காட்டியே ஆறு வாரமாக வாங்குகிறேன். சர்க்கரை 380. இன்றே நிறுத்திவிடவா? தவறு என்னுடையதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தவறு உங்களுடையது அல்ல அம்மா, நாள் குறிக்காமல் ஸ்டீராய்டு எழுதிய பேனாவுடையது. ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்குத் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள்: 2020-இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் கொடுத்த அளவு அவ்வளவுதான். மீறினால் சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். கரும்பூஞ்சைத் தொற்றுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இன்றே நிறுத்திவிடாதீர்கள். உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி இந்த ஆறு வாரத்தில் தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியும். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இன்றே போங்கள். முகத்தில் வீக்கம், மூக்கில் கறுப்புச் சளி, கண்வலி என்றால் நேரே பெரிய மருத்துவமனைக்கு.

போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் அள்ளிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையும் அதில் இருக்கலாம். அதற்கும் கடைசித் தேதி கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். (என் கையெழுத்தும் கோழிக் கிறுக்கல்தான், ஆனாலும் தேதி போடுவேன்.)