வளைகாப்பு போட்டால் வராதா?

கேள்வி: கர்ப்பகால மன அழுத்தமெல்லாம் தனியாக வாழும் மேலைநாட்டுப் பெண்களுக்குத்தான். வளைகாப்பு, தாய்வீடு, கூடவே நாலு பெரியவர்கள் என்றிருக்கும் நம் பெண்களிடம், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாளை நீட்டுவது எதற்கு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த நாலு பெரியவர்களில் எத்தனை பேர் ‘இதாவது பையனா இருக்கணும்’ என்கிறார்கள்? கோவாவில் மனநல ஆய்வாளர் விக்ரம் பட்டேல் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமான ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் 23% தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் 78% பேர் வயிற்றில் பிள்ளை இருந்தபோதே மனம் நொந்திருந்தவர்கள். பணக்கஷ்டம், கணவனோடு ஒத்துப்போகாமை, பெண் குழந்தை பிறந்தது ஆகியவை முக்கியக் காரணங்கள். ஆள் நிறைந்த வீட்டுக்குள்ளும் இவை தாராளமாக நுழையும்.

மேலைநாட்டிலும் எல்லோர் பாடும் ஒன்றல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில், கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் முந்தைய ஆண்டைவிட உயர்ந்தது. மற்ற பெண்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஊரார் பார்வை மாறியதுதான் அதற்குக் காரணம் என்பேன்.

இனி கேள்வித்தாள். 1987-இல் வெளியான இதில் பத்துக் கேள்விகள். கடந்த 7 நாட்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 30. பிரசவித்தவர்களுக்காக உருவானது, கர்ப்பிணிகளுக்கும் பயன்படுகிறது. எத்தனை வாங்கினால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்வது? பிரிட்டனில் 13-ஐ எல்லையாக வைத்தார்கள். அதை அப்படியே இங்கே பொருத்துவதுதான் முதல் தவறு. கோவாவில் 12, வேலூரில் பிரசவித்த பெண்களிடம் தமிழ் வடிவத்தைச் சோதித்தபோது 9 என்று எல்லை இறங்கியது. பத்து வாங்கியவரை ‘நார்மல்’ என்று அனுப்பிவிட்டால் போச்சு.

இரண்டாவது தவறு, மாமியாரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு கேட்பது. ‘அவளுக்கென்ன, ராணி மாதிரி வெச்சிருக்கோம்’ என்று பதில் அங்கிருந்து வரும். எடை பார்க்கும் சாக்கில் கர்ப்பிணியை மட்டும் உள்ளே அழைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர்தான் வாசிக்க வேண்டும், கணவர் அல்ல, ‘அழுகையெல்லாம் வரலைதானே?’ என்று எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

இன்னொன்று: படபடப்பு, அசதி, நெஞ்சடைப்பு என்று உடம்பின் வழியாகத்தான் பலர் சொல்வார்கள். முதலில் ஹீமோகுளோபின் (11-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை), தைராய்டு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் புகார் தொடர்ந்தால் விஷயம் மனதில் இருக்கலாம். சத்து டானிக் எழுதித் தள்ளிவிடுவது சுலபம். அதனால்தான் அது நடக்கிறது.

பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 1 விழுந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பக்கத்தில் ஆளில்லையென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.