ரஷ்ய ஓவியர் மாலெவிச்சோட "கருப்புச் சதுரம்" ஓவியம்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கே: அண்ணே, கட்டம் போட்டு கருப்பு அடிச்சதுக்குப் பேரு மாஸ்டர்பீஸா? எங்க வீட்டு எல்கேஜி வாண்டே போட்டுரும்.

ப: போடும் தம்பி, ஆனா 1915ல யாரும் போடலையே. பிக்காசோ தன் படத்துல கிடாரை எவ்ளோ உடைச்சுப் போட்டாலும் உள்ள கிடார் இருக்கும். காண்டின்ஸ்கி மாதிரி சில ஓவியர்கள் அதுக்கு முன்னாடியே உருவத்தை விட்டு விலகிட்டாங்கதான், ஆனா இவ்ளோ மொட்டையா கொண்டுவந்து நிறுத்தினது மாலெவிச்தான்.

கே: மூலையில மாட்டினாராமே, வாஸ்துவா சார்?

ப: ஹாஹா, இல்ல. 1915 டிசம்பர்ல பெட்ரோகிராடுல (இப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) "0,10"ன்னு ஒரு எக்ஸிபிஷன். ரஷ்யக்காரங்க வீட்ல ரெண்டு சுவர் சேர்ற மூலையில உசரத்துலதான் சாமிப்படம் வைப்பாங்க, அந்த இடத்துல இதை மாட்டிட்டார். அலெக்சாண்டர் பெனுவான்னு பெரிய விமர்சகர், மாதா படத்துக்குப் பதிலா இதைக் கும்பிடச் சொல்றாங்கன்னு காய்ச்சி எடுத்துட்டார். அவர் கோபம் நியாயம்தான்னு எனக்குத் தோணும், ஏன்னா மாலெவிச் நினைச்சதும் கிட்டத்தட்ட அதானே.

கே: போட்டோல ஒரே விரிசலா இருக்கே, பராமரிக்கலையா?

ப: நல்லா கவனிச்சிருக்கீங்க மேடம், எனக்குப் பிடிச்சதே அதுதான். ஆயில் பெயின்ட் தண்ணி ஆவியாகிக் காயறது இல்ல, காத்துல இருக்கற ஆக்ஸிஜனை இழுத்து மெதுவ்வ்வா இறுகும், மனுஷன் ஏற்கனவே வேற படம் போட்டிருந்த கேன்வாஸ்ல அடி பெயின்ட் சரியா காயறதுக்குள்ள மேல கருப்பை ஏத்திட்டார், அதான் காஞ்ச ஏரி மாதிரி வெடிச்சுக் கிடக்கு. கிட்டப் போய்ப் பாத்தா வெடிப்புக்குள்ள அடிக்கலர் எட்டிப் பாக்கும். 2015ல ட்ரெத்யாகோவ் மியூசியம் எக்ஸ்ரே ஆராய்ச்சி பண்ணி உள்ள ரெண்டு கலர் படம் இருக்குன்னு சொன்னாங்க. ஸ்கேல் வச்சுப் பாருங்க, சதுரமும் சரியான சதுரம் இல்ல, லேசா கோணல், எல்லாம் கை வேலை. அதனாலதான் மொபைல்ல பாத்துட்டு "இதுல என்ன இருக்கு"ன்னு கேக்கறவங்க கூட நான் சண்டை போடறதில்ல, மொபைல்ல நிஜமாவே ஒண்ணும் இல்ல.

கே: 1913ன்னு போட்டிருக்கறதையும் பாத்தேன்?

ப: அது மாலெவிச்சே போட்டுக்கிட்ட வருஷம். 1913ல "சூரியன் மீது வெற்றி"ன்னு ஒரு ஓபராவுக்கு ஸ்டேஜ் டிசைன் பண்ணார், ஐடியா அப்பவே வந்துருச்சுங்கறது அவர் கணக்கு. வரைஞ்சது 1915.

கே: ஒரிஜினல் எங்க இருக்கு ப்ரோ?

ப: மொத்தம் நாலு இருக்கு. 1915ல போட்டது மாஸ்கோ ட்ரெத்யாகோவ்ல, ஒரு பக்கம் 79.5 சென்டிமீட்டர்தான், பெரிசா எதிர்பார்த்துப் போகாதீங்க. இன்னொண்ணும் அங்கதான். மத்த ரெண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல, ரஷ்ய மியூசியத்துல ஒண்ணு, ஹெர்மிடேஜ்ல ஒண்ணு.

கே: விலை எவ்ளோ போகும்?

ப: 1915 படம் விக்கறதுக்கு இல்ல. ஹெர்மிடேஜ்ல இருக்கறதை 2002ல ஒரு பணக்காரர் 10 லட்சம் டாலர் குடுத்து வாங்கி அரசுக்கே குடுத்தார். மாலெவிச்சோட 1916 படம் ஒண்ணு 2018ல நியூயார்க்ல எட்டரை கோடி டாலருக்கு மேல போச்சு. அதுல கலர் நிறைய இருக்கு, உங்க வாண்டுக்கும் பிடிக்கும்.