ஒரே எரிமலை மனிதர்களைவிட அதிகமாகப் புகை கக்கும்போது, கிறிஸ்தவர்கள் பருவநிலையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

இந்தக் கேள்வியை சபையிலும் அடிக்கடி கேட்டிருக்கிறேன். முதலில் கணக்கைச் சரிசெய்துவிடுவோம். உலகின் எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஓர் ஆண்டில் வெளியிடும் கரியமில வாயு, நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வெளியிடுவதில் 2 சதவீதம்கூட இல்லை. நம்முடையது ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கும் மேல்.

பெரிய வெடிப்புகள் பூமியைச் சூடாக்குவதும் இல்லை. சில காலம் குளிர்விக்கின்றன. வெடிப்பில் வெளியாகும் கந்தக டைஆக்சைடு வாயு, வானில் வெகு உயரத்தில் உள்ள அடுக்கு மண்டலத்துக்குப் போய் நுண்துளிகளாகி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்த பிறகு உலக வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்தது. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததும், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை; பயிர் பொய்த்துப் பஞ்சம் வந்தது.

சரி, வேதம்? ஆதியாகமம் 8:22இல் விதைப்பும் அறுப்பும் ஒழியாது என்ற வாக்கு இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் பஞ்சமே வராது என்று அது சொல்லவில்லை. யோசேப்பின் கதையே ஏழு வருடப் பஞ்சத்தைப் பற்றியது. பஞ்சம் வரும் என்று தெரிந்ததும் அவர் தானியம் சேர்த்து வைத்தார், சும்மா இருக்கவில்லை. ஆதாமுக்கும் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும்தான் வேலை கொடுக்கப்பட்டது (ஆதியாகமம் 2:15).

வெடிப்பில் இறந்தவர்கள் பாவத்தின் தண்டனையைப் பெற்றார்கள் என்று சிலர் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று இயேசுவே சொல்லிவிட்டார் (லூக்கா 13:4). எரிமலைக்கு நாம் பொறுப்பல்ல. நம் புகைக்கு நாம்தானே பொறுப்பு?