முப்பது மீட்டர் எங்கே போனது?

வணக்கம் சார்,

சாலை வடிவமைப்பில் இது எனக்கு இரண்டாவது ஆண்டு. மதுரைக்கு மேற்கே வாடிப்பட்டியைத் தாண்டிப் போகும் 34 கி.மீ. சாலைக்கு இன்ஃப்ராவொர்க்ஸ் மென்பொருளில் முதற்கட்ட வடிவம் முடித்து ஒப்புதலும் வாங்கிவிட்டோம். விரிவான வரைபடம் போடும் சிவில் 3டியில் திறந்தால் காரிடார் (சாலையின் முப்பரிமாண மாதிரி) வருகிறது. ஆனால் சூப்பர் எலிவேஷன் (வளைவில் சாலைக்குக் கொடுக்கும் சாய்வு) சரியாக இல்லை, கோடுகளின் தோற்றத்துக்கான ஸ்டைல்களும் குழம்பிவிடுகின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவர வழி உண்டா? (சர்வே செயினேஜுடன், அதாவது தொடக்கத்திலிருந்து தரையில் அளந்த தூரத்துடன், கடைசியில் 30 மீட்டர் உதைத்தது. ஓரிடத்தில் தூர எண்ணை மாற்றிக் கொடுக்கும் ஸ்டேஷன் ஈக்வேஷன் போட்டுச் சரிசெய்துவிட்டோம்.)

செ.

அன்புள்ள செ.,

கேள்வியைவிட, அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட வரிதான் என்னை உட்கார்ந்து எழுதவைத்தது. கொஞ்ச நாளாகவே மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது.

முதலில் கேட்டதற்குப் பதில். ஸ்டைல் ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் அலுவலக டெம்ப்ளேட்டுக்கு ஏற்ப ஆப்ஜெக்ட் செட்டிங்ஸை ஒருமுறை பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள், போதும். சூப்பர் எலிவேஷனை அங்கிருந்து கொண்டுவரவே வேண்டாம். நம் ஐஆர்சி (இந்திய சாலை காங்கிரஸ்) முறை வேறு. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 225 மடங்கால் வகுத்து, சமவெளியில் 7 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வது. 100 கி.மீ. வேகம், 360 மீட்டர் ஆரம் என்றால் கணக்கு 12.3 விழுக்காடு சொல்லும், கொடுப்பது 7. நேர்சாலையிலிருந்து வளைவுக்கு மெல்லத் திரும்பும் டிரான்சிஷன் 130 மீட்டர். இதை சிவில் 3டியில் புதிதாகவே போடுங்கள்.

இனி அந்த 30 மீட்டர். ஸ்டேஷன் ஈக்வேஷன் எதற்காக இருக்கிறது? அலைன்மென்ட்டை (சாலையின் மையக்கோட்டை) நடுவில் எங்காவது திருத்தினால், அதற்குப் பின்னால் வரும் செயினேஜ் எல்லாம் மாறாமலிருக்க. காரணம் தெரியாத பிழையைப் புதைக்க அல்ல. முப்பது மீட்டர் உதைக்கிறது, ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எப்படி அய்யா தூக்கம் வந்தது?

உங்கள் வரைபடம் இருப்பது யுடிஎம்மில், அதாவது பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் கட்ட முறையில். அதன் 44ஆம் மண்டலத்தின் மைய ரேகை 81 பாகை. உங்கள் சாலை 78 பாகையில், மண்டலத்தின் விளிம்பில் கிடக்கிறது. மதுரைக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவிலேயே 43ஆம் மண்டலம் தொடங்கிவிடுகிறது. மைய ரேகையில் கி.மீட்டருக்கு 40 செ.மீ. சுருங்கும் கட்டம், இந்த விளிம்பில் கி.மீட்டருக்கு ஏறத்தாழ 90 செ.மீ. நீண்டுவிடும். 34ஆல் பெருக்கிப் பாருங்கள். வந்துவிட்டதா உங்கள் 30 மீட்டர்? சர்வேயர் சரியாகத்தான் அளந்திருக்கிறார். வரைபடம்தான் தரையைவிட நீளம். இதே மண்டலத்தில் சென்னையில் வேலை செய்தால் கி.மீட்டருக்கு 30 செ.மீ. குறைந்திருக்கும்.

மண் அளவில் இது பெரிய தொகை இல்லை என்பது உண்மைதான். பாலத்துக்கு வாருங்கள். வரைபடத்தில் 30 மீட்டர் ஸ்பான் என்று போட்டு, அந்தக் கோஆர்டினேட்டைச் செயற்கைக்கோள் கருவியான டிஜிபிஎஸ் கொண்டு தரையில் குறித்தால், தூண்களுக்கு நடுவே இருப்பது 29.973 மீட்டர். யார்டில் கர்டரை (தூண்கள் மேல் வைக்கும் உத்தரத்தை) டேப் பிடித்து 30.000 மீட்டருக்கு வார்த்து வைத்திருப்பார்கள். 27 மி.மீ. எங்கே போகும்? கர்டரைத் தாங்கும் பேரிங்கிலும், அது விரிய விடும் இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டிலும்தான். சாலையிலும் அப்படித்தான். ஒரு ஆள் தரைத்தூரம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனோடு 2 கி.மீ. போய், இன்னொரு ஆள் டிஜிபிஎஸ் ரோவரோடு எதிரே வந்தால் இருவருக்கும் நடுவே 1.8 மீட்டர் இடிக்கும். அப்புறம் தளத்தில் சண்டைதான்.

செய்ய வேண்டியது இது. இந்த வேலைக்கென்று தனியாக ஒரு டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் கோஆர்டினேட் சிஸ்டம் உருவாக்குங்கள். மைய ரேகை 78 பாகை. சாலையின் சராசரி மட்டம் கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர் என்றால், டிஜிபிஎஸ் கணக்கின் அடிப்படையான எலிப்சாய்டிலிருந்து அது உங்கள் பகுதியில் சுமார் 60 மீட்டர்தான். அதற்கு ஸ்கேல் ஃபேக்டர் (கட்டத்தைத் தரையளவுக்கு நீட்டும் எண்) 1.000009. மைய ரேகையின் கிழக்கு ஆயத்துக்கு 50,000 கொடுங்கள். யுடிஎம்மின் கிழக்கு எண் ஆறு இலக்கம், இது ஐந்து இலக்கம். தவறி ஒன்றை இன்னொன்றோடு கலந்தால் பார்த்தவுடனே தெரியும். இன்ஃப்ராவொர்க்ஸ் மாதிரியைத் திறப்பதற்கு முன்பே டிராயிங் செட்டிங்ஸில் இதை ஏற்றிவிட வேண்டும். இனி சாலை முழுக்க வித்தியாசம் கி.மீட்டருக்குச் சில மில்லிமீட்டர்தான்.

நீங்கள் கேட்ட 'ஒரேயடியாக' இங்கேதான் அடிபடுகிறது. யுடிஎம்மில் போட்ட 360 மீட்டர் ஆரம் இந்தப் புதிய அமைப்பில் 359.67 ஆக இறங்கும். 100 கி.மீ. வேகத்துக்குக் குறைந்தபட்சம் 360 என்று விதி சொல்கிறது, சோதனையில் சிவப்பு விழும். அதனால் வந்த அலைன்மென்ட்டை வழிகாட்டியாக மட்டும் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோடுகள் சந்திக்கும் பிஐ புள்ளிகளை மட்டும் எடுத்து, முழு எண் ஆரத்தோடு வளைவுகளைப் புதிதாக இடுங்கள். 34 கி.மீட்டருக்கு ஒருநாள் வேலை.

தரையைப் பற்றி ஒன்று. இன்ஃப்ராவொர்க்ஸின் மாடல் பில்டர் இறக்கித் தந்த சர்ஃபேஸ் (தரையின் உருவம்) 30 மீட்டர் கட்டம், 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. மூன்று நான்கு மீட்டர் அகலக் கண்மாய்க் கரை அதில் தெரியவே தெரியாது. தென்னந்தோப்பின் தலை தரையாகத் தெரியும். சர்வே சர்ஃபேஸை வைத்த பிறகே புரொஃபைலை, அதாவது சாலையின் ஏற்ற இறக்கத்தை, தொடுங்கள். டிஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்றும் ஜியாய்டு திருத்தம் விட்டுப்போனால் உங்கள் பகுதியில் எல்லாம் 90 மீட்டர் அளவுக்குக் கீழே கிடக்கும். உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்கோடு ஒப்பிட்டால் உடனே பிடிபடும் என்பதால் அதைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை.

இப்போது அந்த ஈக்வேஷனை அழியுங்கள். ஒரு கி.மீ. இடைவெளியில் இரண்டு கன்ட்ரோல் தூண்களை (சர்வே குறிக்கற்களை) டோட்டல் ஸ்டேஷனில் அளந்து வரைபடத் தூரத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு செ.மீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். பாலத்தின் வரைபடம் ஏற்கெனவே தளத்துக்குப் போயிருந்தால், தூண் குறிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்றே போன் செய்யுங்கள்.