இன்றைக்கு ராத்திரிக்கு என்ன வழி?

(வாசகர் கேள்விகளுக்கு, அங்கன்வாடிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அம்மா, என் கணவருக்குக் கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாதாம். பெரியவள் மூன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு இரண்டரை வயது. நான் இப்போது ஐந்து மாதம். ரேஷன் கார்டு கையில் இருக்கிறது, ஆனால் முகவரி விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஊர். அதனால் இங்கே பொருள் வாங்குவதில்லை. அரிசி தீரப்போகிறது. பக்கத்துத் தெருவில் வார வட்டிக்குத் தருகிறார்கள், வாங்கட்டுமா? யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை. – பெயர் வேண்டாம், அம்பத்தூர்.

பதில்: வாங்காதே கண்ணு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சோற்றுக்காக வார வட்டி வாங்கினால், கணவர் எழுந்து வேலைக்குப் போகிற அன்றைக்கு அவர் கூலி முழுக்க வட்டிக்காரருக்குத்தான் போகும். கடன் இல்லாமலே இந்த மூன்று மாதத்தைத் தாண்ட வழி இருக்கிறது.

நாளைக்குக் காலையிலேயே பக்கத்தில் இருக்கிற ரேஷன் கடைக்குப் போ. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக் கார்டுக்குத் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம். ஊர் முகவரி ஒரு தடையே இல்லை. கார்டில் பெயர் உள்ள ஒருவர் விரல் வைக்க வேண்டும் என்பதால் நீயே போவதுதான் சரி. அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்புக்கும் எண்ணெய்க்குமாக அறுபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். கடைக்காரர் கார்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க கடை கார்டு இல்லையேம்மா, ஊர்ல போய் வாங்குங்க" என்பார். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நம் பெண்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். நீ திரும்பாதே. "எந்தக் கடையிலயும் வாங்கலாம்னு இருக்கே சார், மெஷின்ல போட்டுப் பாருங்க" என்று நின்றுகொண்டே சொல். அப்புறமும் முடியாது என்றால், அங்கேயே நின்று 1967-க்குப் போன் போடு. கட்டணமில்லா எண் 1800 425 5901-உம் இருக்கிறது. கடை எண் பலகையிலேயே எழுதியிருக்கும், அதைச் சொல்லிப் புகார் கொடு. எண்ணை அழுத்தத் தொடங்கியதுமே மெஷின் வேலை செய்த கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதுவரைக்கும், அதாவது இன்றைக்கு ராத்திரிக்கு, அம்மா உணவகம். இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். காலையில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5. மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. பொதுவாகப் பார்சல் தரமாட்டார்கள். கணவர் நடக்க முடியாமல் படுத்திருக்கிறார் என்று பரிமாறுகிற பெண்களிடம் சொல்லிக் கேள். அவர்களும் மகளிர் குழுவைச் சேர்ந்தவர்கள்தான், வீட்டு நிலைமை தெரிந்தவர்கள். மதியத்துக்குக் கோயில் அன்னதானமும் உண்டு. உனக்குப் பக்கம் திருவேற்காடு. டோக்கன் தரும் கோயில்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும், கொஞ்சம் முன்னாடியே போக வேண்டும்.

இனி பிள்ளைகள். பெரியவள் எந்தப் பள்ளி என்று நீ எழுதவில்லை. அரசுப் பள்ளியாக இருந்தால் காலைச் சிற்றுண்டியும் மதியச் சத்துணவும் அங்கேயே கிடைக்கும். பள்ளி நாட்களில் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு மட்டும்தான் உன் பொறுப்பு. காலையில் அவளை அரை மணி நேரம் முன்னதாக அனுப்பு. பிந்தினால் உப்புமாவும் கிச்சடியும் காலியாகிவிடும். தனியார் பள்ளி என்றால், ஃபீஸையும் சேர்த்துப் பார்த்து, இந்த வருஷமே அரசுப் பள்ளிக்கு மாற்றுவதைப் பற்றி இரண்டு பேரும் பேசுங்கள். வருஷ நடுவிலும் சேர்த்துக்கொள்வார்கள்.

சின்னவனுக்கும் உனக்கும் அங்கன்வாடி. இது நான் வேலை பார்த்த இடம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு மதியம் சூடான சாதமும் முட்டையும் உண்டு. உனக்குச் சத்துமாவு, பாக்கெட்டாக வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். குழந்தை பிறந்து பால் கொடுக்கிற மாதங்களிலும் தொடரும். உன் ஆதார், பையனின் பிறப்புச் சான்று, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்த எண், இவற்றை எடுத்துப் போ. ஊர்க் கார்டைக் காட்டி யாரும் திருப்பி அனுப்ப முடியாது, நீ இப்போது குடியிருக்கிற இடம்தான் கணக்கு. மூன்றாவது பிரசவம் என்பதால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் உனக்கு வராது, அது முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். அதையும் சத்துமாவையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வராமலே இருந்துவிடுகிற தாய்மார்கள் நிறைய. சத்துமாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அந்த மாவைப் பலர் பிடிக்கவில்லை என்று மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். கஞ்சியாகக் காய்ச்சினால் அடிபிடித்துக் கசக்கும், அதனால்தான் பிடிப்பதில்லை. வறுத்து அரைத்த மாவுதான், வெல்லமும் கலந்தே இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் போட்டு, வெந்நீரைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, கை சூட்டோடு எலுமிச்சை அளவு உருண்டை பிடி. கையில் இருந்தால் ஒரு பிடி வேர்க்கடலையை இடித்துச் சேர். காலையில் இரண்டு, சாயந்தரம் இரண்டு. இந்த மாதங்களில் நீ பட்டினி கிடந்தால் பாதிக்கப்படுவது உள்ளே இருக்கிற பிள்ளை. "அவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு மிச்சம் இருந்தால் நான்" என்கிற வழக்கத்தை இந்த மூன்று மாதமாவது விட்டுவிடு.

கை நீட்டிப் பழக்கமில்லை என்கிறாய். இதில் யாருடைய தயவும் இல்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கும் சாப்பாடு உரிமை என்றே எழுதியிருக்கிறது. நீ வரி கட்டாமலும் இல்லை. வாங்குகிற சோப்பில், பிஸ்கெட்டில் எல்லாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாய்.

ஒன்று விட்டுப்போச்சு. வேலையிடத்தில் விழுந்த அடிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு வேலை கொடுத்தவருக்கு உண்டு, 1923-இலிருந்தே சட்டத்தில் இருக்கிற பொறுப்பு அது. கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் பார். ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தொலைத்துவிடாதே.

கேள்வி: எதிர்வீட்டுப் பாட்டிக்கு யாரும் இல்லை. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று இரண்டு மாதமாக வெறும் பையோடு அனுப்பிவிட்டார்கள். கேட்டால் "எனக்கென்ன, ஒரு வேளை கஞ்சி போதும்" என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்? – மன்னார்குடி வாசகர்.

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் அட்டை ரத்தான வீட்டில் 11 வயதுப் பெண் குழந்தை இறந்துபோனாள். சோறு கேட்டபடியே உயிர் போனது என்று தாய் சொன்னார், மலேரியா என்று அரசுத் தரப்பு சொன்னது. எது எப்படியோ, அந்த வீட்டுக்கு மாதக்கணக்கில் அரிசி போகவில்லை.

வயல் வேலையும் பாத்திரம் தேய்ப்பதுமாக இருந்த கைகளில் ரேகை தேய்ந்துதான் இருக்கும் தம்பி. அது பாட்டியின் குற்றமா? கண் கருவிழிப் பதிவு இருக்கிற கடைகளில் அதை வைத்து வாங்கலாம். கடைக்குப் போக முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது. கடையிலேயே கேட்டு வாங்கி, நீங்களே பாட்டியின் ஆளாகப் பதிந்துகொள்ளுங்கள். வயது முதிர்ந்தவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து தருகிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பாட்டி பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இது எதுவும் நகரவில்லையென்றால், இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கிற பொது விநியோகக் குறைதீர் முகாமுக்கு மனுவோடு பாட்டியையும் அழைத்துப் போங்கள். மனுவை மட்டும் கொடுத்தால் அது கட்டோடு கட்டாகிவிடும், ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் கதை வேறு. கார்டு, பரம ஏழைகளுக்கான அந்தியோதயா வகையா என்றும் பாருங்கள். அப்படியானால் மாதம் 35 கிலோ அரிசி அவருக்கு உரியது.

முதியோர் ஓய்வூதியம் வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், மாதம் 1200 ரூபாய். வயதானவர்களுக்கான உதவி எண் 14567. அந்த "ஒரு வேளை கஞ்சி போதும்" என்பதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கேள்வி: திருப்பூரில் எங்கள் காம்பவுண்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்று. கம்பெனியில் ஆர்டர் இல்லை, சம்பளமும் இல்லை. அவர்களுக்கு இங்கே ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஊர் ரேஷன் அட்டை ஆதாரோடு இணைந்திருந்து, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற அட்டையாக இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே தானியம் வாங்கலாம். தலைக்கு 5 கிலோ, இலவசம். நம் மாநிலத்தின் பருப்பும் எண்ணெயும் இதில் சேராது. ஊரில் அம்மா அப்பா அதே அட்டையில் இருந்தாலும் பயமில்லை. இவர்கள் பங்கை இங்கே எடுத்தால் மீதி அங்கே அவர்களுக்குக் கிடைக்கும். பிள்ளைகளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சேர்க்கத் தடை இல்லை. கடைக்கு அவர்களோடு நீங்களும் போங்கள், மொழி தெரியாதவரை ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: மகள் பிறந்த நாளுக்குக் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி மூட்டை வாங்கித் தர நினைக்கிறோம். எத்தனை கிலோ தரலாம்? – கோவை வாசகி.

பதில்: நல்ல மனசு, தாயி. ஆனால் அரிசி பெரும்பாலும் ரேஷனில் வந்துவிடுகிறது. நான் போன வீடுகளில் டப்பாவில் அரிசி இருக்கும், அடுப்பில் கேஸ் இருக்காது. பாதி நாள் பிள்ளைகள் கடை பன்னைத் தின்றுவிட்டுப் படுப்பது அதனால்தான். 5 கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். அப்புறம் கடலை எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், பால், முட்டை, பெண்பிள்ளை இருக்கிற வீடென்றால் நாப்கின். கொடுக்கும் முன் அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியாக, "என்னம்மா தீர்ந்துபோச்சு?" என்று கேட்டுவிடுங்கள். படம் எடுக்காதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் மகளும் ஒரே பள்ளியில் படிக்கலாம்.