கோப்பைக்கு ஆடினால்தான் ஆள் உருவாவான்

அன்புள்ள சார்,

வணக்கம். பெர்த்தில் இருக்கிறேன். சனிக்கிழமை ஆனால் ஃப்ரீமேன்டில் ஓவலுக்குப் போய் சவுத் ஃப்ரீமேன்டில் கிளப் ஆஸ்திரேலிய ஃபுட்டி ஆடுவதைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அங்கே என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குள் ஓயாத சண்டை. ஒரு கட்சி, “வாஃபல் (மேற்கு ஆஸ்திரேலிய லீக்) இனிமேல் ஏஎஃப்எல்லுக்கு (தேசிய லீக்) ஆள் தயார் செய்யும் இடம்தான், சின்னப் பையன்களை இறக்குங்கள், தோற்றாலும் பரவாயில்லை” என்கிறது. இன்னொரு கட்சி, “எங்கள் கிளப் யாருக்கும் நாற்றங்கால் இல்லை, ஜெயிக்கிற வழியைப் பாருங்கள்” என்கிறது. நீங்கள் அடிலெய்டில் மாநில லீக்கைத் தொடர்ந்து பார்ப்பவர். உங்கள் கருத்து என்ன? ஏஎஃப்எல் கிளப்புகளின் ரிசர்வ் அணிகள், அதாவது முதல் அணியில் இடம் கிடைக்காதவர்களின் அணிகள், மாநில லீக்கில் ஆடுவது சரியா? பதினேழு வயதுப் பையனைப் பெரியவர்களோடு ஆடவிடலாமா?

ர., பெர்த்

அன்புள்ள ர.,

நான் இரண்டாவது கட்சி. ஆனால் கிளப் பாசத்தால் மட்டும் அல்ல. முதல் கட்சிக்காரர்கள் கேட்பது கிடைக்க வேண்டுமென்றாலும் இரண்டாவது கட்சி சொல்வதைத்தான் செய்தாக வேண்டும். ஜெயித்தே ஆகவேண்டும் என்று பத்துப் பதினைந்து பேர் உயிரைக் கொடுத்து ஆடும் ஆட்டத்தில்தான் ஆட்டக்காரன் உருவாகிறான். தோற்றாலும் பரவாயில்லை என்று ஆடும் அணியில் திறமை இருக்கும், வளராது.

ஆஸ்திரேலிய ஃபுட்டியைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. இன்றைக்கு ஏஎஃப்எல் என்பது நாடு முழுவதற்குமான லீக், 18 அணிகள். ஆனால் அது மெல்பர்னை மையமாகக் கொண்ட விக்டோரிய லீக்காகத்தான் 1897-ல் தொடங்கியது. ஏஎஃப்எல் என்ற பெயரே 1990-ல்தான் வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் லீக் 1877-லேயே உண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் லீக் 1885-ல் வந்தது. அடிலெய்டுக்காரனுக்கும் பெர்த்துக்காரனுக்கும் பல தலைமுறைகளாக அதுதான் உச்சம். நார்த் அடிலெய்டின் பேரி ராப்ரன், எங்கள் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான மகாரி பதக்கத்தை மூன்று முறை வாங்கியவர், விக்டோரியாவுக்குப் போகவே இல்லை. இன்று அடிலெய்டு ஓவல் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

1977-ல் பெர்த்தின் சுபியாகோவில் நடந்த முதல் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ ஆட்டத்தை உங்கள் பக்கத்து இருக்கைப் பெரியவர்கள் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். அதுவரை மேற்கிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை விக்டோரிய கிளப்புகள் காசு கொடுத்துக் கூட்டிப்போகும், அவர்களையே மேற்குக்கு எதிராக இறக்கும். அந்த ஒரு நாள் எல்லோரும் சொந்த மாநிலத்துக்கு ஆடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியா விக்டோரியாவை 94 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்தத் தலைமுறையை உருவாக்கியவை தங்களுக்குள் கோப்பைக்காக அடித்துக்கொண்ட உள்ளூர் கிளப்புகள்தான். ‘ஆள் தயாரிப்பு’ என்ற பேச்சே அப்போது கிடையாது.

1987-ல் பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும் 1991-ல் அடிலெய்டு க்ரோஸும் அந்தப் பெரிய லீக்குக்குள் வந்தபிறகு கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. அதை நினைத்துப் புலம்பிப் பயனில்லை. ஆனால் 2014-ல் நடந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. க்ரோஸின் ரிசர்வ் அணி எங்கள் லீக்குக்குள் வந்தது. போர்ட் அடிலெய்டு மேக்பைஸ் என்ற பழம்பெரும் கிளப் தன் ஏஎஃப்எல் அணியின் ரிசர்வாக மாறிவிட்டது. உங்கள் பக்கம் அதே ஆண்டு வாஃபல் கிளப்புகளான பீல் தண்டர் ஏஎஃப்எல்லின் ஃப்ரீமேன்டிலோடும், ஈஸ்ட் பெர்த் ஈகிள்ஸோடும் கைகோத்தன. 2019-லிருந்து ஈகிள்ஸுக்குத் தனி ரிசர்வ் அணியே வந்துவிட்டது.

ரிசர்வ் அணி ஆடுவதைக் கிட்டேயிருந்து கவனித்துப் பாருங்கள். காயத்திலிருந்து திரும்புகிறவரைப் பாதி ஆட்டத்தோடு உட்காரவைத்துவிடுவார்கள், ஆட்டம் சமநிலையில் இருந்தாலும் சரி. முன்வரிசை ஆட்டக்காரனைத் தடுப்பில் நிறுத்திச் சோதித்துப் பார்ப்பார்கள். மேலே நாலு பேருக்குக் காயம் என்றால் கீழே ஆள் போதாது, வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்புவார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, அந்தப் பயிற்சியாளருக்குக் கொடுக்கப்பட்ட வேலையே அதுதான். ஆனால் எதிரே நிற்கும் உள்ளூர் கிளப் ஆள், நார்வுட்காரனோ ஸ்டர்ட்காரனோ, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு ஓடிவருகிறவன். அவனுக்கு இந்தக் கோப்பைக்கு மேல் இன்னொரு கோப்பை இல்லை. 2014 இறுதி ஆட்டத்தில் போர்ட்டை நார்வுட் 4 புள்ளியில் ஜெயித்தது, 2017-ல் ஸ்டர்ட் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. இரண்டு முறையும் போர்ட் தவிர மற்ற எல்லா கிளப் ரசிகர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். நானும் நின்றேன்.

உங்கள் நண்பர்கள் மார்லியன் பிக்கெட்டை எடுத்துக்காட்டுவார்கள், காட்டட்டும். 2019 மே மாதம், சீசன் பாதியில் நடந்த டிராஃப்டில் (ஏஎஃப்எல் கிளப்புகள் முறைபோட்டுப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு) அவரை ரிச்மண்ட் எடுத்தது, அப்போது அவருக்கு வயது 27. சவுத் ஃப்ரீமேன்டிலில் வளர்ந்த ஆள். செப்டம்பரில் விக்டோரிய மாநில லீக்கின் இறுதி ஆட்டத்தில் ரிச்மண்ட் ரிசர்வுக்கு ஆடி, சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் வாங்கினார். அடுத்த வாரம் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில், ஒரு லட்சம் பேருக்கு முன்னால், ஏஎஃப்எல் இறுதி ஆட்டத்திலேயே அறிமுகம். 1952-க்குப் பிறகு யாருக்கும் அப்படி நடந்ததில்லை. எதிராளி மேலே வந்து விழப்போகும் நேரத்தில் பந்தோடு ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, தலை நிமிர்ந்து உதைத்தாரே, அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். பதற்றமே இல்லை. அது பல வருடம் பெரியவர்களிடம் இடி வாங்கிய உடம்புக்கு வரும் நிதானம்.

ரிசர்வ் அணியால்தானே அவருக்கு வாய்ப்பு என்று கேட்டால், ஆமாம். ஆனால் அந்த அணி அன்றைக்குக் கோப்பைக்காக ஆடியது, அதையும் பாருங்கள். அப்புறம் இன்னொன்று: அதே செப்டம்பரில் உங்கள் சவுத் ஃப்ரீமேன்டில், பிக்கெட் இல்லாமல், இறுதி ஆட்டத்தில் சுபியாகோவிடம் படுதோல்வி அடைந்தது. ஆளை உருவாக்கிய கிளப் பாதி சீசனில் அவனைக் கொடுத்துவிட்டு நிற்கவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? சீசன் நடுவே எடுக்கும் டிராஃப்டை நான் எதிர்ப்பது இதனால்தான். வழக்கமான டிராஃப்ட் நடக்கும் நவம்பர் வரை பொறுக்கலாம்.

டிம் கெல்லியும் உங்கள் கிளப்தான். பதினெட்டு வயதில் யாரும் சீண்டவில்லை. 2017 டிராஃப்டில் 24-வது தேர்வாக ஜீலாங் எடுத்தபோது வயது 23. அடுத்த ஆண்டு முதல் சுற்றிலேயே களம் இறங்கினார், 2019-ல் அந்த ஆண்டின் சிறந்தவர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இருந்தார். பதினெட்டு வயதில் ஆளை எடைபோடும் முறை எவ்வளவு பேரைத் தவறவிடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். டிராஃப்ட் வயதை ஒரு வருடமாவது ஏற்றவேண்டும். அந்த ஒரு வருடம் பையன் மாநில லீக்கின் பெரிய அணியில் ஆடட்டும்.

சரி, ரிசர்வ் அணிகள் எங்கே போகும்? 1999 வரை ஏஎஃப்எல்லுக்கென்றே தனி ரிசர்வ் போட்டி இருந்தது, பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் ஆடுவார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரட்டும். பயணச் செலவு கூடும்தான். ஏஎஃப்எல்லிடம் பணம் இருக்கிறது. எங்களிடமும் உங்களிடமும் இருப்பது நூறு வருடத்துக்கு மேலான ஒரு லீக், அதை அவர்கள் செலவைக் குறைக்க நாம் ஏன் விட்டுத்தரவேண்டும்?

பதினேழு வயதுப் பையனை இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தகுதி இருந்தால் தாராளமாக. 2021-ல் சவுத் அடிலெய்டு கிளப் ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸைப் பெரியவர்கள் அணியில் ஆடவைத்தது, கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களிலும் ஆடினார். அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் பெயர் அவருடையது, எடுத்தது நார்த் மெல்பர்ன். நான் அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். தன்னைவிடப் பத்து வயது மூத்தவனின் தோளில் இடித்துப் பந்தைப் பிடுங்குவார். ‘வளரும் பிள்ளை’ என்று யாரும் அவருக்கு வழிவிடவில்லை. சவுத் அடிலெய்டும் அவரை வளர்க்கவேண்டும் என்று இறக்கவில்லை. அவர் இருந்தால் ஜெயிக்கலாம் என்று இறக்கினார்கள்.